டபுள் கெப்பின் அடிப்பாகக் கவசம்: 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடுதான் வேண்டுமா?

வெள்ளவத்தைக் கடற்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2012ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று உள்ளது. சென்ற மாதம் ஹுன்னஸ்கிரிய வழியாக மலைக்கிராமமான மீமுரேக்குச் சென்றபோது, பாதையோரம் மழைநீர் அறுத்த பள்ளமொன்றில் முன்சில்லு இறங்க, கருங்கல் ஒன்று வாகனத்தின் வயிற்றில் பலமாக அடித்தது. கொழும்புக்குத் திரும்பி ரேம்பில் ஏற்றிப் பார்த்தால், வாகனத்தோடு வந்த மெல்லிய தகடு மேல்நோக்கி வளைந்து, இயந்திரத்தின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சம்பின் ஓரத்தில் கசிவும் தெரிகிறது. கியர்பொக்ஸுக்குக் கீழே எந்தப் பாதுகாப்பும் இல்லை.

நான் வழமையாகச் செல்லும் கராஜில், 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை முன்னிருந்து கியர்பொக்ஸ் வரை ஒரே துண்டாக சேசிஸில் வெல்டிங் செய்துவிட்டால் வாழ்நாளுக்கும் கவலையில்லை என்கிறார்கள். அடிப்பாகம் முழுவதற்கும் ரப்பர் பூச்சு அடிக்கும்படியும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை வரவில்லை. அலுமினியத் தகடு இரு மடங்கு விலையானாலும் பெறுமதியானதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனைத் தகட்டுக்காரர் எழுதியது:

தம்பி, முதலில் அந்த வெல்டிங் யோசனையைக் கைவிடுங்கள். கவசத் தகடு கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒயில் மாற்றுவதற்கும், கிளட்ச் வேலைக்கும், எல்லாவற்றையும்விடத் தகட்டுக்கு மேல் தேங்கும் சேற்றைக் கழுவுவதற்கும் அதைக் கழற்றியே ஆக வேண்டும். வெள்ளவத்தையின் உப்புக்காற்றில் நிற்கும் வாகனத்தில் அந்த ஈரச் சேறு மாதக்கணக்கில் கிடந்தால், கல் செய்யாத சேதத்தைத் துரு செய்துவிடும். ரப்பர் பூச்சு சிறு சரளைக் கற்களிலிருந்து காக்கும். வாகனத்தின் எடை முழுவதும் ஒரு கல்லின் மேல் இறங்கும்போது அது வெறும் பெயின்ட்டுக்குச் சமம். ஏற்கெனவே துருப்பிடித்த இடத்தின் மேல் அதை அடித்தால் துருவை மூடி வளர்ப்பதாகவே முடியும்.

இனித் தடிப்பைப் பற்றி. ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஏறத்தாழ 47 கிலோகிராம் இருக்கும். அதே பரப்பில் 4 மில்லிமீற்றர் இரும்பு 31 கிலோகிராம், 6 மில்லிமீற்றர் அலுமினியம் 16 கிலோகிராம். தகட்டின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கேற்பக் கூடுவதால், அலுமினியம் தன்னியல்பில் இரும்பைப் போல மூன்றில் ஒரு பங்கு விறைப்புடையதாக இருந்தும், 6 மில்லிமீற்றர் அலுமினியம் 4 மில்லிமீற்றர் இரும்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே வளையாமல் நிற்கும். அதற்கொரு குறையும் உண்டு: கூரிய கல் அலுமினியத்தில் பதிந்து உழுது பிடித்துக்கொள்ளும், இரும்போ கல்லின் மேல் வழுக்கிச் செல்லும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மலைக்குப் போகும் உங்களுக்கு, என் கருத்தில், ஓரங்கள் மடிக்கப்பட்ட 4 மில்லிமீற்றர் இரும்பு போதும். தட்டையான 6 மில்லிமீற்றர் தகட்டைவிட, ஓரம் மடித்து நடுவில் நீளவாக்கில் வரம்பு எழுப்பிய மெல்லிய தகடு அடியை நன்றாகத் தாங்குவதை நானே பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். தகட்டைப் பழைய சோனகத் தெருவில் வாங்கலாம். மடிப்பை மட்டும் சுத்தியலால் அடிக்க விடாமல் மடிக்கும் இயந்திரம் உள்ள இடத்தில் கொடுங்கள்.

ஒரே துண்டு வேண்டாம், இரண்டாகச் செய்யுங்கள். முன்தகட்டின் பின்னோரம் பின்தகட்டின் முன்னோரத்துக்குக் கீழே வர வேண்டும்; மாற்றிப் பூட்டினால் முன்னோக்கிச் செல்லும்போது அந்த விளிம்பில் கல் கொளுவி, தகட்டைப் பிய்த்துவிடும். சம்புக்கும் தகட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். உங்கள் பழைய தகட்டில் நடந்ததும் இதுதான்: அது கல்லைத் தடுக்கவில்லை, கல்லின் அடியைச் சம்பிடம் கொண்டுசென்று சேர்த்தது. தாங்கும் புள்ளிகள் சேசிஸிலும் அதன் குறுக்குச் சட்டங்களிலும் இருக்க வேண்டுமே தவிர, கியர்பொக்ஸின் உடலில் அல்ல. போல்ட்டுத் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் முதல் பயணத்திலேயே தேய்ந்து, பிறகு எந்தச் சாவிக்கும் பிடிகொடுக்காது. அவற்றைக் குழிக்குள் அமையுங்கள்.

ஓஹிய மூடுபனி எழுதியது:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. தகட்டைப் பற்றியே பேசி, பின்அச்சை எல்லோரும் மறந்துவிட்டோம். ஹைலக்ஸின் முன்புற டிஃபரன்ஷியல், அதாவது சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, சேசிஸோடு இருப்பதால், சுருள்வில்லை உயர்த்தினால் அதுவும் உயரும். பின்புறம் இரு சில்லுகளையும் இணைக்கும் முழு அச்சு; டிஃபரன்ஷியல் அதன் நடுவிலேயே இருக்கிறது. அங்கே வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் நிலத்திலிருந்து ஒரு நூலளவும் உயராது. டயர் பெரிதானால் மட்டுமே உயரும், அதுவும் விட்டத்தில் கூடியதன் பாதிதான். 265/70R16 டயரிலிருந்து 265/75R16 டயருக்கு மாறினால் விட்டம் சுமார் 26 மில்லிமீற்றர் கூடும். உங்களுக்குக் கிடைப்பது 13 மில்லிமீற்றர். அதற்காகச் செலவழிக்கும் பணத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் பாதையில் கலுபஹன பக்கம் இறங்கும்போது நான் பட்டுக் கற்றது, கல்லை இரண்டு சில்லுகளுக்கும் நடுவில் விட்டுக் கடக்கும் பழக்கம் தார் வீதிக்கு உரியது என்பதே. மலைப்பாதையில் உயரமான கல்லின் மேல் சில்லை ஏற்ற வேண்டும். சில்லு ஏறினால் வயிறும் உயரும். ஏற்றுவதும் லோ கியரில், நடந்து செல்பவரின் வேகத்துக்கும் குறைவாக இருக்கட்டும். வேகமாகப் போய் முன்வில் அமுங்கும் அந்தக் கணத்தில், நின்ற இடத்தில் அளந்த உயரத்தில் பெரும்பங்கு காணாமல் போய்விடும். ஒருவர் இறங்கி முன்னால் நின்று வழிகாட்டுவது, உங்கள் தகடுகளுக்கு வரக்கூடிய 27 கிலோகிராம் இரும்பைவிட மலிவானது.

வெள்ளவத்தைக் கடற்காற்று எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்தேன்: இரண்டு தகடுகளும் சேர்ந்து சுமார் 0.86 சதுர மீற்றர் வருகின்றன. 4 மில்லிமீற்றர் இரும்பென்றால் மூடுபனி ஐயா குறிப்பிட்ட அந்த 27 கிலோகிராம்தான். ஒயில் வடிக்கும் துளையைத் தகட்டில் பெரிதாக வெட்டினால் அதுவே பலவீனமாகிவிடாதா?

கொட்டாஞ்சேனைத் தகட்டுக்காரர் எழுதியது:

துளையின் ஓரத்தை உள்நோக்கி வளைத்துவிட்டால் பலவீனம் பெரிதாக இராது. காற்றுப் போகும் வெட்டுகளை நீளவாக்கில் வையுங்கள். குறுக்கே வெட்டினால் கல் கொளுவும். சைலன்சர் குழாய் அருகே தகட்டை நன்றாக ஒதுக்கி வெட்டுங்கள். ஓஹிய பக்கப் பத்தனைப் புல்வெளிகளில் காய்ந்த மானாப்புல் தகட்டுக்கும் சூடான குழாய்க்கும் இடையே சிக்கினால் தீப்பிடிக்கும். மாலையில் முகாமிடும்போது குனிந்து ஒருமுறை பாருங்கள். தகட்டைப் பூட்டுவதற்கான தாங்கிகளைச் சேசிஸில் வெல்டிங் செய்யும் நாளில் பற்றரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஓஹிய மூடுபனி எழுதியது:

வழியில் ஒயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரை ஓட்டிப் பார்க்காமல் அந்த இடத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். எரிபொருள் தாங்கியில் சிறு கசிவென்றால், காய்ந்த சலவைச் சவர்க்காரக் கட்டியை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தால் கண்டிவரை தாங்கும். நான் ஒரு கட்டியை எப்போதும் ஆசனத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். மனைவி அதைத் துணி துவைக்க எடுத்துவிடுவதுதான் ஒரே பிரச்சினை.