மூன்சாமியைத் தேடிக் கலசபாக்கம் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒரு அக்கா, தன் தாத்தாவுடைய அப்பா எந்த ஊர் என்று தேடித் தரச் சொன்னார். கையில் இருந்தது ‘மூன்சாமி’ என்ற குடும்பப் பெயரும், அவர் வட ஆற்காட்டுக்காரர் என்ற வாய்மொழியும்தான். நான் போளூர்க்காரன். எங்கள் பக்கம் முனுசாமி இல்லாத தெரு ஏது?

1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவர்கள் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அங்கே எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. முதலி ‘மூட்லி’ ஆனது, கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது. அக்கா வீட்டிலேயே பெரியப்பா மூன்சாமி, சித்தப்பா முனிசாமி, இன்னொருவர் பெருமாள். அவர் பாட்டன் பெயரை வைத்துக்கொண்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி, தொழிலை வைத்துப் பிடிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் கைநழுவியது. மூன்சாமி பெயரில் கிடைத்த பழைய பதிவுத் தாள்களில், ஒரு தாளில் கரும்புத் தோட்டக் கூலி, இன்னொன்றில் காய்கறி பயிரிடுகிறவர், அதற்குப் பிறகு ரயில்வே கூலி. சொந்தமாகப் பயிர் வைத்தவர் திரும்பக் கூலிக்குப் போவாரா? இரண்டு பேர் என்றே முடிவு கட்டி, இரண்டு வாரம் தனித்தனியாகக் கொடிவழி எழுதினேன். 3 பவுன் வரி அப்புறம்தான் உறைத்தது. 1895 சட்டத்துக்குப் பின் போனவர்கள், ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கினால் வருடத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும். கட்ட வழியில்லாதவர்கள் மறுபடி ஒப்பந்தத்தில்தான் போய் விழுந்தார்கள். 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது. இதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

கடைசியில் வழி காட்டியது குடியேற்ற எண். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மூன்று தாளிலும் அதே எண்! அதை வைத்துக் கப்பல் பட்டியலைப் பார்த்தோம். தகப்பன் பெருமாள், வயது 22, இடது புருவத்தில் வடு, தாணா (காவல் நிலைய எல்லை) போளூர், ஊர் ‘கல்லாசபாக்’. நாலு தரம் சத்தமாகப் படித்தேன். கலசபாக்கம்!

தை மாதம் அக்கா வந்தார். செய்யாற்றங்கரையில் ஒரு பெரியவர், “யார் வீட்டு வகையறாம்மா?” என்று கேட்டார். அக்காவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. “பெருமாள் மவன் முனுசாமி வீடு” என்றார். அந்த ஒரு வரியை விமானத்திலேயே சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்.