டிரைவ்வேயில் (வீட்டு முன்னால் கார் விடும் தார்ப் பாதையில்) கண்ட வேலைகள்: ரொறன்ரோ பக்கத்து ஆக்கள் எழுதுங்கோ

மார்க்கம் வடக்கு:
"பக்கத்துத் தெருவில வேலை முடிஞ்சுது, லொறியில தார் மிச்சம் கிடக்கு, பாதி விலைக்குப் போட்டுத் தாறம்" எண்டு கதவு தட்டுற ஆக்களைத் தெரியும்தானே. எங்கட தெருவில ஒரு வீட்டுக்காரர் ஓம் எண்டிட்டார். பழைய தாரைக் கிளப்பேல்லை, கூட்டிக்கூட விடேல்லை. வெடிப்புக்கு மேல அப்பிடியே கொட்டிப் பரவி, பிளேற் கொம்பக்டரை (தட்டி இறுக்கிற சின்ன மெஷின்) ரெண்டு தரம் ஓட்டிப்போட்டுப் போட்டினம். அண்டைக்குப் பார்க்க வடிவு. பங்குனியில பனி கரைய, பழைய வெடிப்பு ஓடின அதே கோட்டில புதுத் தாரும் வெடிச்சுக் கிடக்கு. றோட்டுப் பக்க ஓரத்தில ஒரு துண்டு தானாக் கழண்டிருந்தது. எடுத்து அளந்தால் 18 மி.மீ. அடிப்பக்கம் முழுக்கப் பழைய தூசியும் காய்ஞ்ச புல்லும். அந்தத் துண்டு இன்னும் கண்ணுக்க நிக்குது.

டிரைவ்வேக்குப் போடுற எச்.எல்.3 எண்ட தார்க் கலவையில 13 மி.மீ. வரை கல்லு இருக்கும். கல்லைப்போல மூண்டு மடங்கு தடிப்பு இருந்தால்தான் ரோலருக்குக் கீழ கல்லு திரும்பி ஒண்டோடொண்டு இறுகும். அப்ப உருட்டின பிறகு 40 மி.மீ. வேணும். மெல்லிசாப் போட்டால் சூடும் உடனே போயிடும். 150 பாகை அளவில வாற தார் 80 பாகைக்குக் கிட்ட இறங்கினால் பிறகு எவ்வளவு உருட்டியும் இறுகாது. பழசுக்கும் புதுசுக்கும் நடுவில ராக் கோற் (ஒட்டுறதுக்கு அடிக்கிற மெல்லிய தார்ப் பூச்சு) அடிக்காட்டி ரெண்டும் ஒட்டவும் ஒட்டாது.

வாசலில வைச்சுக் கையெழுத்து வாங்கினால் பயப்பிடாதேங்கோ. ஒன்ராறியோவில அந்த மாதிரி ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அதுக்காகத்தான் அவை அண்டைக்கே போட்டு முடிக்க அந்தரப்படுகினம்.

ரோலர்காரன்:
மார்க்கம் தம்பி சொல்லுறது சரி, ஆனால் தடிப்பை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கக் கூடாது. ஸ்காபரோவில ஒரு பழைய வீடு, களிமண் நிலம். தார் உருட்டின பிறகு முழுசா 3 இஞ்சி, குறை சொல்லேலாது. ரெண்டாவது வசந்தத்தில கார்ச் சில்லு ஓடுற ரெண்டு தடத்திலயும் அலிகேற்றர் கிராக், முதலைத் தோல் மாதிரிச் சின்னச் சின்னக் கட்டமா வெடிக்கிறது. வெட்டிக் கிளப்பினால் கீழ கல்லு ரெண்டு இஞ்சிகூட இல்லை, இருந்ததும் களியோட கலந்து போச்சு. திருப்பிப் போட வந்த லொறி பின்பக்கமா ஏறேக்க சில்லுக்கு முன்னால நிலம் எழும்பி எழும்பித் தாண்டது. நிலம் அப்பிடி நெளிஞ்சால் அண்டைக்குத் தார் கொட்டவே கூடாது. லொறியைத் திருப்பி அனுப்புறதுதான் மலிவு.

களியெண்டால் 9 இலிருந்து 11 இஞ்சி வரை கிண்ட வேணும். அடியில ஜியோரெக்ஸ்ரைல் துணி விரிக்க வேணும், களி மேல ஏறிக் கல்லுக்குள்ள போறதை அது மறிக்கும். அதுக்கு மேல கிரனுலர் ஏ எண்ட உடைச்ச கல்லுக் கலவை 6 தொடக்கம் 8 இஞ்சி. ஒரேயடியாக் கொட்டி உருட்டினால் மேல் பக்கம்தான் இறுகும், கீழ இளக்கமாக் கிடக்கும். 4 இஞ்சிக்கு மேற்படாமல் ரெண்டு அடுக்காப் போட்டு, ஒவ்வொண்டுக்கும் தண்ணி தெளிச்சு உருட்ட வேணும். கையில அள்ளினால் ஈரம் தெரிய வேணும், தண்ணி வடியக் கூடாது.

கணக்கும் சொல்லுறன். 18 அடி அகலம், 40 அடி நீளம் எண்டால் 67 சதுர மீற்றர். 6 இஞ்சிக் கல்லுக்கு 22 தொன் அளவில வரும். உருட்டின பிறகு 3 இஞ்சித் தாருக்கு 12 தொன். விலைத்தாளில "3 இஞ்சி" எண்டு மட்டும் எழுதியிருந்தால், உருட்ட முதலோ பிறகோ எண்டு கேட்டு எழுதுவியுங்கோ. உருட்ட முதல் 3 எண்டால் கடைசியில இரண்டேகால்தான் மிஞ்சும். தார் ஆலைச் சீட்டையும் கேளுங்கோ, அதில தொன்னும் கலவையும் அச்சடிச்சிருக்கும். கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு (நிலத்துக்குக் கீழ போற குழாய், வயரை அடையாளம் காட்டுவிக்கிற சேவை) அறிவிக்க வேணும். அது சட்டம், காசு இல்லை.

பிரம்ரன் அக்கா:
ரோலர்காரத் தம்பி, எல்லாரையும் 10 இஞ்சி கிண்ட வைக்காதேங்கோ. நீளத்துக்கு ஓடுற வெடிப்பு மட்டும் இருந்து, நிலம் தாழாமல் இருந்தால் 40 மி.மீ. ஓவர்லே (பழசுக்கு மேல போடுற புதுத் தார்) காணும். பிழைக்கிறது கராஜ் வாசலில. என்ர தங்கச்சி வீட்டில ஓவர்லே போட்டவை வாசலில வெட்டாமல் அப்பிடியே கொண்டுபோய் முட்டவிட்டுட்டினம். கராஜ்த் தளத்தை விடத் தார் ஒண்டரை இஞ்சி உயரம். முதல் பெரிய மழைக்குக் கதவு ரப்பருக்குக் கீழால தண்ணி நூல் பிடிச்ச மாதிரி உள்ள வந்து, அடுக்கி வைச்ச அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு.

கராஜ் வாசலிலயும் நடைபாதை முட்டுற இடத்திலயும் பழைய தாரை ஒரு மீற்றர் அகலத்துக்கு மில்லிங் செய்து (மெஷினால சுரண்டி எடுத்து), புதுசு அந்தப் பள்ளத்துக்குள்ள இருக்க வேணும். தளத்துக்கு அரை இஞ்சி கீழ தார் முடிஞ்சால் நல்லது. சரிவு கராஜில இருந்து வெளிப்பக்கமா, மீற்றருக்கு 2 செ.மீ. டவுன்ஸ்பவுட் (கூரைத் தண்ணி இறங்குற குழாய்) தண்ணி டிரைவ்வே ஓரத்தில விழுந்தால் அதையும் நீட்டி விடுங்கோ. கல்லு அரிச்சுப் போறது அதாலதான்.

மிசிசாகா மேற்கு:
இங்க யாருமே சீலர், அதான் தார் மேல அடிக்கிற கறுப்புப் பூச்சு, பத்தி சொல்லலையே. எங்க காம்ப்ளக்ஸ்ல ஒருத்தர் வருஷா வருஷம் கெட்டியா சீலர் அடிப்பார், கருகருன்னு இருக்கணும்னு. போன ஜனவரில ஸ்னோ ஷவல் தள்ளும்போது அந்த சீலர் தோசை மாதிரி அப்படியே சுருண்டு வந்துச்சு. கீழ வெளுத்துப்போன தார், அதுல ஒரு கையளவு எண்ணெய்க் கறை. கறை மேல பிரைமர் அடிக்காம அடிச்சா சீலர் பிடிக்காது. அங்க ஆரம்பிச்ச உரிசல்தான் மத்த இடத்துக்கும் போச்சு.

ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். தண்ணி ஊத்திப் பாருங்க, முத்து முத்தா நின்னா இன்னும் தேவையில்லை. புதுத் தார்னா அடுத்த கோடை வரை தொடாதீங்க, உள்ள இருக்கிற எண்ணெய் வெளியேறணும். ராத்திரியும் 10 டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மழை இருக்கக் கூடாது. 20 லிட்டர் வாளி ஒண்ணு 350–400 சதுர அடி வரும். நல்லாக் கலக்குங்க, கனமானது அடியில தங்கிடும். மெல்லிசா ரெண்டு கோட், முதல் கோட் காய்ஞ்சப்புறம் அடுத்தது. மிச்சமான வாளியைக் குளிர்காலத்துல கேரேஜ்ல வைக்காதீங்க. தண்ணில கலந்த சீலர் ஒரு தடவை உறைஞ்சா கெட்டுப்போச்சு. கோல் தார் (நிலக்கரித் தார்) சீலர் வாங்கவே வாங்காதீங்க. அதுல இருக்கிற பி.ஏ.எச். நச்சு மழைத்தண்ணியோட ஓடைக்குப் போகுது. ஆஸ்டின் நகரத்துல 2006லயே தடை பண்ணிட்டாங்க.

அதோட உப்பு. உப்புதான் தாரைத் தின்னுதுன்னு இங்க நிறைய பேர் நம்பறாங்க, அது தப்பு.

ரோலர்காரன்:
உப்பைப் பற்றி மிசிசாகா அண்ணா சரியாச் சொன்னார். உப்பு தாரைக் கரைக்காது, பெற்றோலும் எஞ்சின் ஒயிலும்தான் கரைக்கும். உப்பு செய்யிற வேலை வேற. பனியைக் கரைச்சு வெடிப்புக்குள்ள இறக்கிவிடும். அது இரவில உறைய 9 சதவீதம் பெருத்து வெடிப்பை நெம்பும். அதால வெடிப்பை அடைக்கிறதுதான் முதல் வேலை, சீலர் பிறகுதான்.

கோடையில வெடிப்பு ஒடுங்கியிருக்கும், அப்ப அடைச்சால் மாரியில இழுபட்டுப் பிரியும். வசந்தத்திலயோ இலை உதிரேக்கையோ அடையுங்கோ. புல்லை வேரோட எடுத்து, வயர் பிரஷ் போட்டு, புளோவரால ஊதுங்கோ. அரை இஞ்சி அகலம் வரைக்கும் போத்தலில வாற, சூடாக்கத் தேவையில்லாத ஃபில்லர் காணும். ஆழமெண்டால் முதல் பேக்கர் ரொட் (கயிறு மாதிரி நுரைப் பஞ்சு) திணியுங்கோ, இல்லாட்டி ஃபில்லர் எல்லாம் கீழ போயிடும். மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ நிப்பாட்டுங்கோ, மேல புடைச்சிருந்தால் ஷவல் கிளப்பிவிடும். காய்ச்சி ஊத்துற ரப்பர் ஃபில்லர்தான் கனகாலம் நிக்கும். ஆனால் 190 பாகை அளவில காய்ச்ச வேணும், அதை வேலை தெரிஞ்ச ஆக்களிட்ட விடுங்கோ.

அஜாக்ஸ்:
குழிக்கு கோல்ட் பச் (சூடாக்காமல் போடுற பைத் தார்) போட்ட ஒண்டு கண்டன். 5 இஞ்சிப் பள்ளத்தை ஒரேயடியா நிரப்பிப்போட்டு மேலால மட்டும் தட்டினவை. நாலு கிழமைக்குப் பிறகும் விரலால குத்த உள்ள களி மாதிரி இறங்குது. குழியின்ர ஓரத்தை நேராச் செத்தி, 2 இஞ்சிக்கு மேற்படாமல் அடுக்கடுக்காப் போட்டுத் தட்டுங்கோ. கடைசி அடுக்கு அரை இஞ்சி மேல நிக்கட்டும், கார் ஏற மட்டத்துக்கு வந்திடும். அதுக்கு மேல சீலர் ஒரு மாசம் போக முதல் அடிக்காதேங்கோ.