லேப்டாப்பில் காபி கொட்டி, பவர் பட்டனும் போனால்: எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய உரையாடல்

சனிக்கிழமை

பாப்பா, காலை 7:42
மாமா, நேற்று ராத்திரி லேப்டாப் மேல் காபி கொட்டிவிட்டது. உடனே சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, கவிழ்த்து வைத்தேன். இப்போது பவர் பட்டன் தொளதொளவென்று ஆடுகிறது. அழுத்தினால் கிளிக் சத்தமே இல்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

பெரிய அண்ணன், 7:45
அரிசி டப்பாவுக்குள் ரெண்டு நாள் போட்டு வை. என் போன் அப்படித்தான் பிழைத்தது.

சித்தி, 7:46
நான் ஹேர் டிரையர் எடுத்து வைத்திருக்கிறேன். காட்டலாமா அண்ணா?

மாமா, 7:58
ரெண்டும் வேண்டாம். முதலில் பட்டனை அழுத்திப் பார்ப்பதை நிறுத்து பாப்பா. ஈரம் மட்டும் இருந்தால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை கொஞ்ச நேரம் தாங்கும். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் செம்பு வேகமாக அரித்துப் பச்சை பூக்கும். லேப்டாப்பை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால் அடி மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

மாமா, 8:01
அரிசி தண்ணீரை இழுத்தாலும் சர்க்கரையையும் பாலையும் இழுக்காது, அது காய்ந்து பலகையிலேயே ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு மாவுத்தூள் வேறு உள்ளே போகும். டிரையர் சூடு பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். சாதா மின்விசிறிக் காற்று போதும்.

பாப்பா, 8:40
பிரித்துவிட்டேன் மாமா. பேட்டரி உப்பவில்லை. [படம்]

மாமா, 8:44
நல்லது. உப்பியிருந்தால் தொடவே கூடாது என்று சொல்லியிருப்பேன். படத்தில் வலது பக்கம் ஒரு திருகு போட்ட நீளமான சின்னப் பலகை தெரிகிறதே, அதுதான் எஸ்எஸ்டி, உன் ஃபைல்கள் எல்லாம் சேமித்திருக்கும் இடம். அதைக் கழற்றித் தனியாக வை. அதற்கென்று வெளிப்பெட்டி கிடைக்கும், போட்டால் பென் டிரைவ் மாதிரி வேறு கம்ப்யூட்டரில் திறக்கலாம். லேப்டாப் எழுந்தாலும் எழாவிட்டாலும் ரிப்போர்ட் உன் கையில் இருக்கும்.

பெரிய அண்ணன், 8:47
என்னிடம் அந்தப் பெட்டி இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

பெரிய அண்ணன், 10:20
செருகினோம் மாமா. ஏதோ ரெகவரி கீ கேட்கிறது.

மாமா, 10:23
அது பிட்லாக்கர். விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டியிருக்கும். பாப்பா தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்க்கட்டும், 48 இலக்கச் சாவி பெரும்பாலும் அங்கேயே சேமித்திருக்கும்.

பாப்பா, 10:41
கிடைத்தது மாமா!! ரிப்போர்ட், படங்கள் எல்லாவற்றையும் காப்பி போட்டாச்சு.

சித்தி, 10:42
அப்பாடா. இப்போதுதான் உயிரே வந்தது.

மாமா, 10:50
இனி நிதானமாகச் செய்யலாம். காபி பட்ட இடத்தை முதலில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடு. சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அப்புறம் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேய். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. பட்டனிலிருந்து வரும் ரிப்பன் கேபிளின் (தட்டையான மெல்லிய கேபிள்) நுனியையும் பார். அது செருகியிருக்கும் இடத்தில் உள்ள குட்டிப் பூட்டை நகத்தால் மெதுவாக நிமிர்த்தினால்தான் கழலும், இழுத்தால் பூட்டு உடைந்துவிடும்.

பாப்பா, 12:15
ரிப்பன் நுனியில் ரெண்டு கோடு பச்சையாக இருந்தது. தேய்த்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. பட்டன் ஒரு குட்டிப் பலகையில் தனியாக இருக்கிறது. அதன் மேல் தகடு பிய்ந்து தொங்குகிறது. [படம்]

மாமா, 12:20
பட்டன் தனிப் பலகையாக இருப்பது நல்லதாகப் போயிற்று. சில மாடல்களில் கீபோர்டோடு சேர்ந்தே இருக்கும், அப்போது கீபோர்டையே மாற்ற வேண்டி வரும். இன்று முழுக்கக் காயட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

பாப்பா, காலை 9:05
நன்றாகக் காய்ந்துவிட்டது மாமா. எஸ்எஸ்டியைத் திரும்பப் போட்டேன், பேட்டரியைப் போடவில்லை. சார்ஜரைச் செருகியதும் விளக்கு எரிகிறது. பட்டன்தான் வேலை செய்யவில்லை.

மாமா, 9:11
விளக்கு எரிவது நல்ல அறிகுறி. அந்தப் பட்டன் வழியாக லேப்டாப்புக்கான மின்சாரம் போவதில்லை. மதர்போர்டு ஒரு கம்பியில் சுமார் 3.3 வோல்ட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும். பட்டனை அழுத்தினால் அந்தக் கம்பி ஒரு நொடி கிரவுண்டோடு, அதாவது பூஜ்ஜிய வோல்ட் இணைப்போடு, சேரும், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் அதைப் பார்த்து மற்றதை எழுப்பும். ஆகவே பட்டன் செய்யும் வேலையை நாமே செய்யலாம். அண்ணனை மல்டிமீட்டரோடு வரச் சொல்.

பெரிய அண்ணன், 9:50
வந்துவிட்டேன். பட்டனுக்கு நாலு கால் இருக்கிறது. எதில் வைக்க?

மாமா, 9:53
சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மீட்டரைக் கண்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) போடு. எதிரெதிர் மூலையில் உள்ள ரெண்டு காலில் வை. அழுத்தினால் பீப் வர வேண்டும்.

பெரிய அண்ணன், 9:55
வரவில்லை.

மாமா, 9:56
பட்டன் செத்துவிட்டது, அவ்வளவுதான். சார்ஜரைப் போட்டுவிட்டு, ட்வீசர் நுனியால் அதே ரெண்டு காலை ஒரு நொடி மட்டும் தொட்டு எடு. நாலைந்து நொடி பிடித்தால் அணைத்துவிடச் சொல்வதாக அர்த்தமாகிவிடும். வேறு எந்த இடத்திலும் நுனி படக் கூடாது. பக்கத்திலேயே சார்ஜரிலிருந்து வரும் சுமார் 19 வோல்ட் ஓடும், அதை இந்தச் சின்னக் கம்பியோடு சேர்த்தால் கன்ட்ரோலர் போய்விடும்.

பாப்பா, 10:02
மாமா ஃபேன் சுற்றுகிறது!!! லோகோ வந்துவிட்டது! ஆனால் F பட்டனை யாரோ அழுத்திப் பிடித்திருப்பது மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாமா, 10:05
கீபோர்டுக்குள் இன்னும் காபி இருக்கிறது. அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கீபோர்டு ரிப்பனைக் கழற்றிவிட்டு, வெளிக் கீபோர்டை யுஎஸ்பியில் போடு. திரும்ப எழுப்பி, பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் 'சார்ஜர் செருகினால் ஆன் ஆகு' என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா பார். டெல்லில் வேக் ஆன் ஏசி என்று இருக்கும். மூடியைத் திறந்தால் ஆன் ஆகும் வசதியும் சில மாடல்களில் உண்டு.

சித்தி, 10:09
என்னுடைய லெனோவோவில் பக்கத்தில் ஒரு ஊசித்துளை இருக்கிறதே, அது எதற்கு அண்ணா?

மாமா, 10:11
நல்ல வேளை கேட்டாய். அது நோவோ பட்டன். ஊசியால் குத்தினால் ஒரு மெனுவோடு ஆன் ஆகும், அதிலிருந்தே விண்டோஸுக்குப் போகலாம். பவர் பட்டன் போனால் அதுவே கைகொடுக்கும், திறக்க வேண்டியதே இல்லை.

பாப்பா, 10:24
சார்ஜர் வசதி இருந்தது மாமா, போட்டுவிட்டேன். அணைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்கிச் செருகினேன். தானாக ஆன் ஆகிறது!

மாமா, 10:27
சபாஷ். அணைத்துவிட்டுப் பேட்டரியைப் போட்டு மூடியை மாட்டு. பட்டன் பலகையும் கீபோர்டும் வாங்கும்போது லேப்டாப் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து வாங்கு, பெயர் ஒன்றாக இருந்தாலும் ரிப்பன் அளவு மாறும். அதுவரை வேலை முடிந்தால் ஸ்லீப்பில் போடு, வெளிக் கீபோர்டைத் தட்டினால் எழுந்துகொள்ளும். ரிப்போர்ட்டின் காப்பி அண்ணன் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், அழிக்க வேண்டாம்.