ட்ரீட்மென்ட்ல இருக்கறப்ப வீட்டுக்காரருக்கு யார் ஆறுதல் சொல்றது?

போரூர்ப்பொண்ணு:
எங்களுக்கு இன்னும் குழந்தை இல்ல, ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு. அவரோட ரிப்போர்ட்ல விந்தணு கவுண்ட் கம்மி, மோட்டிலிட்டியும், அதாவது அது நகர்ற விதமும், சரியில்ல, எனக்கு எல்லாம் நார்மல். ஆனா ரெண்டு வீட்லயும் எனக்கு பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டி, அப்படின்னுதான் சொல்லி வெச்சிருக்கோம், நான்தான் அப்படி சொல்லிக்கலாம்னேன், அவர் வேணாம்னு சொல்லல. மாமியார் எலுமிச்சம்பழத்தோட என்னை மட்டும் மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் கூட்டிட்டு போறாங்க, அது கிடக்கட்டும். எனக்கு அழறதுக்கு அக்கா இருக்கா, கிளினிக்ல பழக்கமான பொண்ணுங்களோட வாட்ஸாப் குரூப் இருக்கு. அவருக்கு ஒருத்தரும் இல்ல. ரிப்போர்ட் வந்ததுலேர்ந்து ஆபீஸ்லேர்ந்து லேட்டாதான் வர்றார், அப்புறம் நேரா ஜிம், ஏதாவது கேட்டா "உனக்கு ஊசி டைம் ஆச்சு பாரு"ன்னு பேச்ச மாத்திடறார். கவுன்சிலிங் போலாமான்னா "நீ போய்ட்டு வா"ங்கறார். ஆம்பளைங்களுக்கு என்னதான் எடுபடும்?

ராயபுரம்காரன்:
சிஸ்டர், நானும் இதே ரிப்போர்ட்ட கையில வெச்சிட்டு நின்னவன்தான். கிளினிக்ல ஃபைல் பொண்டாட்டி பேர்ல இருக்கும், கூப்பிடறது அவங்க பேர, நாம ஹேண்ட்பேக்க மடியில வெச்சிட்டு உக்காந்திருக்கணும், நம்மள கூப்பிட்டா அது சாம்பிள் டப்பாவ குடுத்து "சார் அந்த கடைசி ரூம்"னு எல்லார் எதிர்லயும் சொல்றதுக்குதான். பசங்ககிட்ட சொன்னா மறுநாள் டீக்கடையில அதான் ஓடும். எனக்கு பாதி பாரம் இறங்குனது ஆண்ட்ராலஜிஸ்ட், அதான் ஆண்களோட குழந்தையின்மைக்கு பாக்கற டாக்டர், ஒருத்தர் உக்கார வெச்சு பேசுனப்பதான். விந்தணு உருவாகி முடியவே ஏறக்குறைய ரெண்டரை மாசம் ஆகும், நடுவுல நல்லா ஜுரம் வந்திருந்தாகூட கவுண்ட் குறையும், ஒரு ரிப்போர்ட்ட வெச்சு முடிவு கட்டாதீங்கன்னார். மீதி பாதிய பைக்ல போறப்பதான் வீட்டம்மாகிட்ட சொன்னேன், மூஞ்சிய பாத்து பேச வேணாம் பாருங்க.

தாம்பரம்அக்கா:
பொம்பளைங்களுக்கு சப்போர்ட் கொட்டிக் கிடக்கற மாதிரி பேசறீங்களேப்பா! சொந்த நாத்தனார் வளைகாப்புல எல்லாரும் வளையல் போடறாங்க, நான் தட்டுகிட்ட போனதும் "நீ போய் பந்திய கவனிம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. விசேஷம் ஏதாவது உண்டான்னு உங்க வீட்டுக்காரர எவனாவது வழிமறிச்சு கேட்டிருக்கானா? குரூப்ல அழறதும் ஊசி போட்டுக்கறதும் நாம, இப்ப அவர் பிரச்சனைக்கு பொய்யும் நாமளே சொல்லணுமா? கோவமா சொல்றேன்னு நினைக்காத கண்ணு, அந்த பிசிஓடி கதை அவருக்கு சப்போர்ட் இல்ல, அவர் வாயே திறக்காம இருக்க வசதி. அவங்க அண்ணன்கிட்டயாவது அவரே சொல்லட்டும்.

கவுன்சிலர்_சென்னை:
நான் ஃபெர்ட்டிலிட்டி கிளினிக்ல வேலை பாக்கறேன். 2021 ஏஆர்டி சட்டப்படி, அதாவது செயற்கை கருத்தரிப்பு சிகிச்சைகளுக்கான சட்டப்படி, தம்பதிக்கு கவுன்சிலிங் குடுக்க வேண்டியது கிளினிக்கோட கடமை, கேட்டு வாங்கலாம். ஆனா நிறைய இடத்துல சக்ஸஸ் ரேட் சொல்லி கையெழுத்து வாங்கறதோட முடிஞ்சுடுது, அவர் அதுல வெறும் துணைக்கு வந்தவர். இத்தனைக்கும் குழந்தையில்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதி கேஸ்ல ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். மனஅழுத்த கேள்வித்தாள்கள்ல பொதுவா பெண்களோட ஸ்கோர்தான் அதிகமா வரும், ஆம்பளைங்க அதையே எரிச்சலா, ஓவர்டைமா, குடியா காட்டுவாங்க, பேப்பர்ல அது மாட்டாது. அதனால "உங்களுக்கு கவுன்சிலிங்"னு தனியா கூப்பிடாதீங்க, வர மாட்டார். அடுத்த ரிப்போர்ட் பாக்கற அன்னிக்கே கவுன்சிலர் அவரோட மட்டும் கொஞ்ச நேரம் பேசற மாதிரி கிளினிக்ல சொல்லி வைங்க. நேர்ல கூச்சம்னா அரசாங்கத்தோட மனநல போன் உதவி, டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், பேர் தெரிஞ்ச ஆள் யாரும் எதிர்ல இருக்க மாட்டாங்க. முக்கியமான ஒண்ணு, ஜிம்னு சொன்னீங்க. ஆம்பளத்தனம் குறைஞ்சிடுச்சுன்னு நினைச்சு சிலர் யார்கிட்டயும் சொல்லாம டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கறாங்க, அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திடலாம். கண்டிப்பா கேளுங்க.

போரூர்ப்பொண்ணு:
அக்கா, அவங்க அண்ணன்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் மாமியாருக்கு போயிடும், அது நடக்காது. ஆனா பொய் விஷயம் நீங்க சொன்னது உறுத்துது, அவர்கிட்ட பேசறேன். மேடம், ஜிம் பேக்ல ஏதோ டப்பா பாத்தேன், பவுடர்னார், இன்னிக்கே கேக்கறேன். வளசரவாக்கம் போரூர் சைடுல சாயந்திரம் பாக்கற ஆண்ட்ராலஜிஸ்ட் யாராவது தெரிஞ்சா இன்பாக்ஸ் பண்ணுங்க, ஆபீஸ் லீவ் போட சொன்னா வரவே மாட்டார்.