இரவில் கடை பூட்டுகிறவனுக்குச் சின்னத் துப்பாக்கி, எதை வாங்கலாம்?

கடைக்காரன்_இர்விங்

எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன், பெட்ரோல் பங்கோடு சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். பூட்டும்போது இரவு பதினொன்றரை தாண்டிவிடும். அன்றைய வசூலைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் நிற்கும் காருக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் எனக்குப் பயம். பக்கத்துத் தெருக் கடையில் போன மாதம் ஒரு வழிப்பறி நடந்ததிலிருந்து வீட்டிலும் தூங்க விடமாட்டேன் என்கிறார்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டது, வயது நாற்பதுக்கு மேல், அதனால் வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன். ஊரில் என்சிசியில் .22 ரைஃபிள் சுட்டதோடு சரி, கைத்துப்பாக்கி பிடித்ததே இல்லை. ஒல்லியான உடம்பு, சட்டையை டக் செய்து போடுகிற பழக்கம். அதனால் பாக்கெட்டில் போகிற மாதிரி சின்னதாக வேண்டும். துப்பாக்கிக் கடையில் ரூகர் எல்சிபி மேக்ஸ் காட்டினார்கள், பிடித்துப் பார்த்தேன், எடையே தெரியவில்லை, பிடித்துப் போய்விட்டது. அதையே வாங்கிவிடலாமா, இல்லை சிக் பி365, கிளாக் 43எக்ஸ் என்று நெட்டில் எல்லாரும் சொல்வதைப் பார்க்கணுமா? அவசரத்துக்கு மனைவியும் எடுக்கிற மாதிரி இருந்தால் நல்லது. வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிளேனோ_குமரன்

அண்ணா, கடையில் பிடித்துப் பார்க்கும்போது எல்லாச் சின்னத் துப்பாக்கியும் பிடிக்கும். சுட்டுப் பார்க்கும்போதுதான் கதை மாறும். எல்சிபி மேக்ஸ் வெறும் 10 அவுன்ஸுக்குச் சற்று மேல், .380 தோட்டா 10+1 (தோட்டாக் கூடான மேகசினில் பத்து, குழலில் ஏற்றி வைத்தது ஒன்று) போகும், பாக்கெட்டில் இருப்பதே தெரியாது, அதெல்லாம் உண்மை. ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு முழுக்க உங்கள் கைக்கு வரும். பிடி சின்னது, குறி பார்க்கும் தூரமும் சின்னது. இரண்டு மேகசின் சுட்டதும் போதும் என்று ஆகிவிடும், அப்புறம் பயிற்சிக்குச் சுடுகிற ரேஞ்சுக்குப் போகவே மனசு வராது. பயிற்சி இல்லாதவன் கையில் அது இருந்து என்ன பயன்?

பி365 வந்த வருடம் 2018. அதற்கு முன் இந்த அளவுப் பிஸ்டலில் 6, 7 ரவுண்டுதான், 2015இல் வந்த கிளாக் 43இல்கூட 6+1தான். சிக் அதே அளவில் 10+1 அடைத்துக் காட்டியதும் மற்ற கம்பெனிகள் எல்லாம் பின்னாலேயே ஓடி வந்தன: 2019இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11+1, அப்புறம் 2021இல் ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்டு ப்ளஸ். பி365 எடை 18 அவுன்ஸுக்குள், குழல் 3.1 அங்குலம், 9எம்எம். நான் வைத்திருப்பது அதன் எக்ஸ்எல், குழல் 3.7 அங்குலம், பிடியும் கொஞ்சம் நீளம், 12 ரவுண்டு. சுண்டு விரலுக்கு இடம் கிடைக்கிறது, அந்த ஒரு விரல்தான் பெரிய வித்தியாசம். அது தொங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் பிடி நழுவும், திரும்பச் சரி செய்துகொண்டுதான் அடுத்ததைச் சுட வேண்டியிருக்கும்.

.380, 9எம்எம் இரண்டும் ஒரே அகலக் குண்டுதான், .380இல் உறை குட்டை, மருந்தும் குறைவு. இன்றைக்கு நல்ல ஹாலோ பாயிண்ட் (நுனி குழிந்த, பட்டதும் விரிகிற குண்டு) எல்லாம் 9எம்எம்மை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள், ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட் மாதிரி. பயிற்சித் தோட்டாவும் 9எம்எம்தான் மலிவு, .380 பெட்டி எப்போதும் கூடத்தான் விற்கும்.

என் கருத்து ஒன்றே ஒன்று: தினமும் மறைத்து வைக்க உங்களால் முடிகிறவற்றில் எது பெரியதோ அதை வாங்குங்கள். இருப்பதிலேயே சின்னது எது என்று தேடாதீர்கள். டாலஸ் பக்கம் பல ரேஞ்சுகளில் வாடகைக்குத் தருவார்கள், ஒரே நாளில் நாலைந்தைச் சுட்டுப் பாருங்கள்.

பழைய_ரிவால்வர்

குமரன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் துப்பாக்கி என்கிறார், பாக்கெட் என்கிறார். அதற்கு ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வர் ஏன் யாருக்கும் ஞாபகம் வரவில்லை? ஐந்தே குண்டு, .38 ஸ்பெஷல், 15 அவுன்ஸ் வாக்கில், சுத்தியல் உள்ளேயே இருப்பதால் பாக்கெட்டிலிருந்து இழுக்கும்போது துணியில் மாட்டாது. பிஸ்டல் மாதிரி மேலே நகரும் ஸ்லைடை இழுக்கணும், மேகசின் சரியாக உட்கார்ந்ததா பார்க்கணும், ஜாம் ஆனால் தட்டி இழுக்கணும், எதுவும் கிடையாது. ட்ரிக்கர் 12 பவுண்டு வாக்கில் இழுக்க வேண்டும், அதனால் தெரியாமல் இழுபடும் பயமும் குறைவு. குளிர்காலத்தில் ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் கையை விட்டு முன்கூட்டியே பிடித்துக்கொண்டே காருக்கு நடக்கலாம், யாருக்கும் தெரியாது. இடுப்பில் இருப்பதை அப்படிச் செய்ய முடியுமா?

பிளேனோ_குமரன்

அந்த 12 பவுண்டு ட்ரிக்கரோடு, இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த குழலை வைத்துக்கொண்டு ஏழு கஜத்தில் ஒரு தட்டு அளவு வட்டத்துக்குள் ஐந்தையும் போடுகிற புதியவரைக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். ஸ்னப்நோஸ், அதாவது இந்த மாதிரிக் குட்டைக் குழல் ரிவால்வர், தேர்ந்த கைக்கானது. கைப்பை பெண்களுக்கும் புதியவர்களுக்கும் அதைத் தள்ளிவிடுவது கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களின் பழைய வழக்கம்.

நைட்ஷிஃப்ட்_ஹூஸ்டன்

“கைப்பை பெண்கள்” என்றதும் எட்டிப் பார்த்தேன் :)

கடைக்கார அண்ணா, உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், முதலில் ஸ்லைடை அவரால் முழுக்கப் பின்னுக்கு இழுக்க முடிகிறதா பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சின்ன 9எம்எம் எல்லாவற்றிலும் ஸ்பிரிங் கெட்டி, எனக்கு மணிக்கட்டில் வலி உண்டு, பாதியில் விட்டால் தோட்டா சரியாக ஏறாது. 2018இல் ஷீல்டு ஈஸி (EZ) என்று .380இல் வந்தது, பிறகு 9எம்எம்மிலும் வந்தது, பேரே சொல்கிற மாதிரி ஸ்லைடும் இலகு, மேகசினில் தோட்டா ஏற்றுவதும் இலகு. கொஞ்சம் பெரிசு, பாக்கெட்டுக்கு ஆகாது. பிடியின் பின்பக்கம் ஒரு சேஃப்டி இருக்கும், கையால் முழுசாக அழுத்திப் பிடித்தால்தான் சுடும், அரைகுறைப் பிடிக்குச் சுடாது. இழுக்கும் முறை ஒன்று சொல்கிறேன், பலருக்கு இதுதான் தெரிவதில்லை: ஸ்லைடைப் பின்னால் இழுப்பதை விட்டுவிட்டு, அதை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் பிடியை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். உடம்புக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, குழல் எப்போதும் ரேஞ்சின் இலக்குப் பக்கமே பார்க்க. முடியவே முடியாது என்ற பலருக்கு அப்போது முடியும்.

கைப்பையில் மட்டும் வேண்டாம். பையை முதலில் பிடுங்குவான், அதோடு அதுவும் போச்சு. கடை வண்டியில் பையை வைத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்து வீட்டுக் குழந்தை ஜிப்பைத் திறக்கும்.

இன்னொன்று. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே துப்பாக்கி என்பது நடைமுறைக்கு வராது. நீங்கள் கடைக்கு எடுத்துப் போனால் வீட்டில் அவருக்கு என்ன இருக்கும்?

சட்டம்_தெரிஞ்சவன்

யாரும் காகிதப் பக்கம் போகவில்லை, நான் போகிறேன். வக்கீல் இல்லை, இங்கே பல வருடமாக லைசென்ஸ் வைத்திருப்பவன், அவ்வளவுதான்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர், துப்பாக்கி வைக்கத் தடை இல்லாதவர் என்றால் லைசென்ஸ் இல்லாமலே கேரி செய்யலாம், அதாவது கைத்துப்பாக்கியை உடம்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். கிரீன் கார்டுக்காரரும் இதில் அடங்குவார். இருந்தாலும் எல்டிசி (மாநிலம் தரும் கேரி லைசென்ஸ்) எடுத்துவிடுங்கள். விண்ணப்பக் கட்டணம் 40 டாலர், 4 முதல் 6 மணி நேர வகுப்பு, 50 ரவுண்டுத் தேர்வு: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250க்கு 175 எடுத்தால் பாஸ். பையன் பள்ளிக்கூடம் போகிறான் இல்லையா, பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்தியச் சட்டம் ஒன்று உண்டு, மாநில லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு. லைசென்ஸ் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளி வழியாகத் தினம் கார் ஓட்டுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. வகுப்பில் எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதையும் சொல்லித் தருவார்கள்: வாசலில் 30.06 என்ற சட்டப் பிரிவு எண் போட்ட பலகை என்றால் லைசென்ஸ் இருந்தும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது, 30.05 என்றால் லைசென்ஸ் இல்லாதவர் கூடாது, பாருக்கு வெளியே சிவப்பில் 51% என்று இருந்தால் யாருமே கூடாது. கோவில் வாசலிலும் 30.06 மாட்டியிருக்கலாம், பார்த்துப் போங்கள்.

எச்1பி நண்பர்களை ஆசையாக ரேஞ்சுக்குக் கூட்டிப் போகாதீர்கள். நான்-இமிக்ரண்ட் விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம், ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியானாலும் அதேதான். செல்லுபடியாகும் ஹன்டிங் லைசென்ஸ் வைத்திருந்தால் விலக்கு உண்டு, அதனால்தான் நம்ம ஆட்கள் சிலர் வேட்டைக்கே போகாமல் அதை வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கிறார்கள். அதேபோல, வாங்க முடியாத நண்பருக்காக, துப்பாக்கி வாங்கும்போது நிரப்புகிற 4473 படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் மாட்டுவது நீங்கள்தான்.

டெக்சாஸ் லைசென்ஸோடு நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே செல்லாது, கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய்ஸ் எதிலும் செல்லாது.

வேற_கோணம்

எல்லாரும் மாடல் பேசுகிறீர்கள். நானும் கடை வைத்திருந்தவன், கேட்கிறேன்: தினம் ஒரே நேரத்தில், தனியாக, கையில் பணப்பையோடு, இருட்டான பின்பக்கம் ஏன் நடக்கிறீர்கள்? பூட்டுகிற ஆளைப் பார்த்து வைத்து வருகிறவன் முதலில் துப்பாக்கியை நீட்டிவிட்டுத்தான் பேசுவான். அந்த நிலையில் சட்டையைத் தூக்கி உள்ளே கை விட்டு எடுப்பதற்குள் முடிந்துவிடும். ட்ராப் சேஃப் (திறக்காமலே பணத்தை உள்ளே போடுகிற பெட்டகம்) ஒன்று வாங்கிப் பணத்தை அதிலேயே போடுங்கள், பகலில் பேங்குக்கு எடுத்துப் போங்கள், காரை முன்பக்கம் வெளிச்சத்தில் நிறுத்துங்கள், பூட்டும்போது இரண்டு பேராக இருங்கள், “கடையில் ரொக்கம் இல்லை” என்று கதவில் ஒட்டுங்கள். பை கேட்டால் பையைக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் வசூலுக்காக ஒருவன்மீது சுட்டுவிட்டு, சட்டப்படி சரியாகவே இருந்தாலும், அப்புறம் வக்கீலுக்குக் கொடுப்பது எத்தனை நாள் வசூல் தெரியுமா? துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லவில்லை. இதெல்லாம் செய்த பிறகு வாங்குங்கள்.

ஆறு வயதுப் பையனின் பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதையும் கவனித்தேன். அலமாரி மேல்தட்டு, தலையணை அடி, புடவை மடிப்புக்குள், இதெல்லாம் மறைவிடமே இல்லை. பட்டன் எண்ணோ கைரேகையோ வைத்துத் திறக்கும் சின்னப் பெட்டகம் வாங்கி, சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு மாட்டுங்கள். வீட்டுக்குள் வந்ததும் ஹோல்ஸ்டரோடு (துப்பாக்கி உறையோடு) கழற்றி நேராக அதற்குள். டெக்சாஸ் சட்டத்தில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டால் அதுவே குற்றம்.

கடைக்காரன்_இர்விங்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. ட்ராப் சேஃப் விஷயம் நெத்தியடி, விலை விசாரித்துவிட்டேன். சனிக்கிழமை மனைவியோடு ரேஞ்சுக்குப் போய் (அவருக்கும் கிரீன் கார்டுதான்) பி365 எக்ஸ்எல், 43எக்ஸ், ஷீல்டு ப்ளஸ், 642, எல்சிபி மேக்ஸ் எல்லாம் சுட்டோம். பழைய_ரிவால்வர் அண்ணா, மன்னிக்கணும், 642இல் மூன்றாவது குண்டுக்கே கட்டைவிரல் எரிய ஆரம்பித்துவிட்டது. எல்சிபியில் குறி எங்கேயோ போகிறது. மனைவிக்கு அந்த முன்னால் தள்ளுகிற முறையில் ஷீல்டு ப்ளஸ் கூட வந்துவிட்டது, எனக்கு எக்ஸ்எல் கையில் நன்றாக உட்கார்ந்தது. ஆக எக்ஸ்எல்தான் எனக்கு, அவருக்கு அப்புறம் பார்க்கலாம்.

இரண்டு சந்தேகம் பாக்கி. டக் செய்த சட்டையில் இதை எங்கே வைப்பது? சேம்பரில் (குழலின் பின்முனையில்) குண்டு போட்டு வைக்கணுமா, காலியாக வைக்கலாமா? அதில் சேஃப்டி லீவர் உள்ள மாடல், இல்லாத மாடல் இரண்டும் இருக்கிறதே.

பிளேனோ_குமரன்

ஹோல்ஸ்டருக்குக் காசு பார்க்காதீர்கள். கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில், ட்ரிக்கரை முழுக்க மூடி, அந்த மாடலுக்கென்றே வார்த்தது வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற துணி ஹோல்ஸ்டரைத் தொடாதீர்கள், துப்பாக்கியைத் திரும்ப உள்ளே வைக்கும்போது துணி மடங்கி ட்ரிக்கருக்குள் போனால் வெடிக்கும். டக் செய்பவர்களுக்கென்றே டக்கபிள் கிளிப் உள்ள ஹோல்ஸ்டர் கிடைக்கிறது, கிளிப்புக்கும் உறைக்கும் நடுவில் சட்டையைச் சொருகிவிடலாம், வெளியே பெல்ட்டில் ஒரு கறுப்புக் கிளிப் மட்டும் தெரியும். சாதாரணத் தோல் பெல்ட் தொங்கிவிடும், உள்ளே பட்டை வைத்த கெட்டியான கேரி பெல்ட் வாங்குங்கள். பேன்ட் இடுப்பு அளவு ஒன்று கூட்டி வாங்க வேண்டியிருக்கும். ஒல்லியானவர்களுக்கு முன்பக்கம், வலது தொடைக்கு மேல் வைத்தால் குறைவாகத் துருத்தும், ஆனால் குழல் உங்கள் உடம்பையே பார்த்திருக்கும், அதனால் புதிதில் வலது இடுப்பில், நாலு மணி திசையில் வையுங்கள். உள்ளே வைக்கும்போது எப்போதும் மெதுவாக, பார்த்து, விரலை ட்ரிக்கருக்கு வெளியே நீட்டி.

சேம்பர்: கடைசியில் குண்டோடுதான் வைக்கணும், ஒரு கையால் அவனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஸ்லைடு இழுக்க இன்னொரு கை இருக்காது. முதல் சில வாரம் வீட்டில் காலித் துப்பாக்கியோடு, தோட்டாப் பெட்டி வேறு அறையில் வைத்துவிட்டு, சட்டையை இழுத்து எடுக்கிற பழக்கத்தைச் செய்யுங்கள். சேஃப்டி லீவர் உள்ளதை வாங்கினால், எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கட்டைவிரலால் கீழே தள்ளுவது கைக்குப் பழகியிருக்கணும். பழகுகிற பொறுமை இருந்தால் லீவர் உள்ளதையே எடுங்கள், பையன் இருக்கிற வீடு.

பழைய_ரிவால்வர்

கட்டைவிரல் எரிந்ததற்கு 642இன் அந்த மெல்லிய ரப்பர் பிடிதான் காரணம், கொஞ்சம் பெரிய பிடி மாட்டினால் சரியாகும். பரவாயில்லை, எக்ஸ்எல் வாங்குங்கள். மேகசின் கூட இரண்டு சேர்த்து வாங்குங்கள், கேரிக்கு வைக்கும் அதே ஹாலோ பாயிண்ட்டில் ஒரு பெட்டியாவது ரேஞ்சில் சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா பார்த்துவிட்டு அப்புறம் இடுப்பில் வையுங்கள்.