புதுப்பிப்பு: பழைய ப்ளூத்னர் கிராண்ட் பியானோ, மதிப்பு தெரிந்துவிட்டது

லண்டனில் நாங்கள் வாங்கிய வீட்டோடு வந்த, ப்ளூத்னர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கிராண்ட் பியானோ என்ன விலை போகும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "கடைக்காரரை விடுங்க, பியானோவை வாங்கி விற்காத, பழுதுபார்க்கும் டெக்னீஷியனுக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்க" என்ற யோசனைதான். வந்து பார்த்த டெக்னீஷியன், வரிசை எண்ணை வைத்து, 1900ஐ ஒட்டிய லைப்ஸிக் தயாரிப்பு என்றார். நான் பயந்த, ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டில் இருந்த விரிசலை அவர் பொருட்படுத்தவே இல்லை. தந்திகளை இறுக்கிப் பிடிக்கும் ட்யூனிங் பின்களைத்தான் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். நல்ல பிடிப்பு. தளர்ந்திருந்தால் அவை பதிந்திருக்கும் மரமான பின்பிளாக்கையே மாற்றணும். அந்தச் செலவு பியானோ விலையைத் தாண்டிவிடுமாம்.

விலையை இறக்கியது கட்டையை அழுத்தினால் சுத்தியலைத் தந்திமேல் தட்டவைக்கும் உள் பொறியமைப்பு. இதில் இருந்தது ப்ளூத்னரின் பழைய பேட்டன்ட் ஆக்‌ஷன். இன்றைய வாசிப்பாளர்கள் இப்போது வழக்கமான ரோலர் ஆக்‌ஷன்தான் கேட்கிறார்கள். விற்றால் சுமார் 1,500 பவுண்டு. காப்பீட்டுக்கு எழுதித் தந்த தொகை வேறு, அது பல மடங்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எதிர்பாராதது: வெள்ளைக் கட்டைகளில் குறுக்கே மயிரிழைபோல ஓர் இணைப்புக் கோடு. மேலே ஒட்டியிருப்பது தந்தம் என்பதன் அடையாளம்! 2022 ஜூனில் அமலுக்கு வந்த பிரிட்டன் சட்டப்படி, 1975க்கு முந்தைய, தந்தம் 20 சதவீதத்துக்கும் குறைவான இசைக்கருவியை விற்கலாம், ஆனால் முதலில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு முடிந்த பிறகே விளம்பரம் கொடுக்கப்போகிறேன்.