தாளிலும் திரையிலும் ஓடிய தொடருக்கு ஒரு சொல்

கும்பகோணம்:
அனைவருக்கும் வணக்கம். ஊடகவியல் இரண்டாம் ஆண்டுப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே கதை பத்திரிகையிலும் திரையிலும் சேர்ந்து ஓடிய தொடருக்கு ஒரு தமிழ்ச் சொல் மட்டும் அமையவில்லை. 1913 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் கேத்லின் என்ற நாயகியின் சாகசங்கள் 13 பகுதிகளாகத் திரைக்கு வரத் தொடங்கின. அதே கதையைச் 'சிகாகோ டிரிபியூன்' தொடராக வெளியிட்டது. படித்தவர் கொட்டகைக்குப் போக வேண்டும், பார்த்தவர் பத்திரிகை வாங்க வேண்டும் என்பதே ஏற்பாடு. சிகாகோ நாளிதழ்களுக்குள் அப்போது கடும் விற்பனைப் போட்டி. மறு ஆண்டே பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் பத்திரிகைகளும் பாலின் என்ற நாயகியின் தொடரோடு இதில் இறங்கின. இதைப் 'படமாக்கம்' என்றால், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாவல் 1935-இல் படமானதைப் போல மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே நாவல் முந்தியது. இங்கே இரண்டும் கைகோத்து நடந்தன.

மன்னார்குடி:
அம்மா, 'இதழ்த்தொடர்படம்' என்று போடுங்கள். தயவுசெய்து 'தொடர்ப்படம்' வேண்டாம். தொடர்கதையைப் போல இதுவும் வினைத்தொகை, வலி மிகாது.

காரைக்கால்:
1915-இல் பாரிஸ் நாளிதழ் ஒன்று இவ்வகைத் தொடரை வெளியிட்டபோது, நாவலையும் சினிமாவையும் ஒட்டி 'ரோமான் சினேமா' என்றார்கள். நாம் ஏன் ஒட்டுப்போட வேண்டும்? நாயகியை அபாயத்தில் நிறுத்திவிட்டு அடுத்த பகுதியை அங்கிருந்தே தொடங்குவது அந்தாதி அல்லவா? அற்புதத் திருவந்தாதி பிறந்த ஊரிலிருந்து சொல்கிறேன்: 'திரையந்தாதி'.

தஞ்சாவூர்:
அந்தம், ஆதி இரண்டும் வடசொல். 'ஈற்றுமுதலி' என்றால் தூய தமிழ்.

காரைக்கால்:
ஐயா, 'ஆதி' என்பது 'ஆதல்' வழி வந்தது என்பது என் துணிபு. ஆகு, ஆக்கம், ஆதி என்று வேரைத் தொடர்ந்து பாருங்கள்.

தஞ்சாவூர்:
ஓசை ஒத்தால் வேர் ஒன்றாகிவிடாது. 'அந்தம்' எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை சொல்லுங்கள்.

திருச்சி:
வேர் இருக்கட்டும். எங்கள் ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியும் சுருள்களும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அந்தக் கூடாரத்துக்கு வர எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. சிகாகோ ஏற்பாடோ படிக்கிறவரை நம்பி நின்றது. ஆகவே சொல்லில் 'இதழ்' கட்டாயம் இருக்க வேண்டும். 'திரையந்தாதி'யில் பத்திரிகையே காணாமல் போகிறது.

கும்பகோணம்:
இன்று வகுப்பில் 'திரையந்தாதி' என்று சொல்லிப் பார்த்தேன். அபிராமி அந்தாதியைப் படமாக எடுத்தார்களா என்று முன்வரிசை மாணவி கேட்டார். 'ஈற்றுமுதலி'யை யாரும் குறிப்பேட்டில் எழுதவே இல்லை. 'இதழ்–திரை இணைத்தொடர்' என்றதும் விளக்கம் கேட்காமல் எழுதிக்கொண்டார்கள். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

திருச்சி:
எனக்குச் சம்மதம்.

மன்னார்குடி:
எனக்கும். 'இணை' இங்கே பெயர்ச்சொல், ஆகவே ஒற்று சரி.

தஞ்சாவூர்:
நீளம்தான். வேறு வழியில்லை.

காரைக்கால்:
நான் உடன்படவில்லை. இணைத்தொடர் என்றால் இரண்டு தொடர்கள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, அவ்வளவுதான். ஒரு பகுதியின் முடிவே அடுத்ததற்கு வாசகரை இழுத்தது; அந்த இழுப்பு இச்சொல்லில் இல்லை. அடைப்புக்குறிக்குள்ளாவது 'திரையந்தாதி'யைச் சேருங்கள், அம்மா. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.